பின்மதில் ஓரத்துக் கல்லறை

அப்பா இறந்த அன்று காலையில் எங்கள் சர்ச் சபைச் செயலாளரும் அரசு அதிகாரி ஒருவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

முன்னாள் கவர்னர் என்பதால் கல்லறைத் தோட்டத்தின் முன்வரிசையில், கேட்டை ஒட்டி இடம் ஒதுக்கிவிட்டார்களாம். என்னிடம் கேட்க வரவில்லை, சொல்லத்தான் வந்திருந்தார்கள்.

“அம்மா குழியிலதான் அப்பா கிடப்பாரு” என்றேன்.

எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு குழி. பல வருடம் கழித்து அதையே திறந்து அடுத்தவரை வைப்பது வழக்கம்.

“மக்கா, போலீஸ்காரங்க மரியாதைக்கு நின்னு துப்பாக்கி வெடி வைக்க ஸ்தலம் வேண்டாமா? உங்கம்மா கிடக்கது பின்மதில் ஓரம். பெட்டியத் தூக்கிட்டு அங்க நடக்க ஒக்குமா?” என்றார் செயலாளர்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அம்மா சாகும்போது அப்பா எங்கோ வடக்கே ராஜ்பவனில் இருந்தார். அந்த ஆடம்பரம் பிடிக்காமல் அம்மா இங்கே திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோதெல்லாம், “உங்கப்பா வந்தாச்சா?” என்பாள். வருவார் என்பேன். அம்மா இறந்த மறுநாள் அங்கே சட்டசபையில் அவர் உரை வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்துவிட்டு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மண் மூடியிருந்தது. பல மாதம் நான் அவரோடு பேசவில்லை.

பதவி முடிந்து ஊருக்கு வந்தபின் வாரம் தவறாமல் கல்லறைக்குப் போனார். ஆட்டோவில்தான். காரில் போனால் பின்னாலேயே நாலு பேர் வந்துவிடுவார்கள். ஒருநாள் திரும்பும் வழியில் என்னிடம், “அன்னைக்கு நான் வந்திருக்கணும். என்னை அவகிட்டயே வச்சிரு, கேட்டியா?” என்றார். சரி என்றேன். என் கோபம் அன்றைக்குத்தான் இறங்கியது.

அதனால் ஒற்றைக் காலில் நின்றேன். “வெடி வைக்கதெல்லாம் கேட்டுப்பக்கம் முடிச்சிருங்க. கவர்னருக்கு உள்ளது அங்க. அதுக்குப் பெறவு அவரு எங்கம்மைக்கு மாப்பிள்ளை.”

அதிகாரி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “உன் இஷ்டம் போல ஆவட்டும்” என்றார்.

அப்படியே நடந்தது. கேட்டருகில் துப்பாக்கிகள் முழங்கின. பெட்டிமேல் போர்த்தியிருந்த தேசியக் கொடியை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார்கள். மலர்வளையங்களும் பெரிய மனிதர்களும் முன்பக்கமே நின்றுவிட, உறவுக்காரர்கள் பெட்டியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கல்லறைகளுக்கு நடுவே கொண்டுபோனார்கள். போதகர் ஜெபித்தார். பெட்டியை இறக்கினார்கள்.

முதல் பிடி மண் என்னுடையது. போடுமுன் குனிந்து, “எம்மா, அப்பா வந்தாச்சு” என்றேன்.