வண்டி இருமும்போது

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை போகும், பிறகுதான் வாய் போகும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் வெள்ளைக் காரின் இடது கதவில் இருந்த குழி என் கால் போட்டது. பானெட்டின் நடுவில் இருந்த பள்ளம் ஜாக்கிக் கம்பி போட்டது. டாஷ்போர்டில் ரேடியோவுக்கு மேலே ஓடிய விரிசல் என் முஷ்டியால் வந்தது. வாங்கும்போது அந்த மூன்றும் அதில் இல்லை.

கார் எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவருடையது. ஆன்சைட் கிடைத்து அமெரிக்கா போகிறவர்கள், கிளம்புகிற வாரத்தில் அலுவலகம் முழுவதற்கும் ஒரு மெயில் போடுவார்கள். கட்டில், ஃப்ரிட்ஜ், பிள்ளையின் சைக்கிள், கார் என்று பட்டியல் இருக்கும். அன்றைய ஹைதராபாத்தில் எங்களைப் போன்ற பல வீடுகள் இப்படி அடுத்தவர் விசாவில் நிரம்பியவைதான். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் வீட்டு மெத்தைகூட யாரோ டல்லாஸ் போனபோது வந்தது. கார்க்காரர் சாவியை என் கையில் வைத்து, "ஒரு நாள் நின்னதில்ல பாஸ், சொக்கத் தங்கம்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை என்று தெரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

முதல் தடவை நின்றது ஒரு சனிக்கிழமை காலை, மூசாப்பேட்டை தாண்டி. எஞ்சின் இரண்டு முறை இருமியது, ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியில் மனைவியும் ஆறு வயது மகளும் இருந்தார்கள். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கிப்போய்க் கதவை உதைத்தேன். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பியது. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. நிற்பதென்றால் ஒரேயடியாக நின்று தொலைய வேண்டும், இப்படி ஆளை வைத்து விளையாடக் கூடாது.

மெக்கானிக்கை மல்காஜ்கிரியில் பிடித்தேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே பத்து ஷெட் இருக்கும்போது ஊரின் மறு கோடிக்குப் போனதற்கு ஒரே காரணம், அவர் தமிழ் பேசுவார். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. எனக்குத் தெலுங்கு சுத்தமாக வராது, இந்தியும் தகராறு. திட்டுவதற்காவது தாய்மொழி வேண்டும் அல்லவா?

அவர் பிளக் மாற்றினார். வண்டி நன்றாக ஓடியது. மறுவாரம் நின்றது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மறுவாரம் எர்ரகட்டாவில் நின்றது. பெட்ரோல் பம்ப், காயில், பிளக் ஒயர் எல்லாம் மாறின. அவர் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தவுடன் வண்டி பரம சாதுவாக ஓடும். "இங்க நல்லா ஓடுதே சார்" என்பார். அலுவலகத்தில் என் மென்பொருளில் யாராவது குறை சொன்னால் நானும் இதையேதான் சொல்வேன், என் கணினியில் ஓடுகிறதே என்று. அதனாலேயே அவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றுகிறவன் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குப் பூஜை போட்டேன். இது அப்பாவிடமிருந்து வந்தது. மதுரைப் பக்கம் லாரி ஓட்டினார். வெள்ளிக்கிழமை எஞ்சினுக்குப் பொட்டு வைக்காமல் சாவியைத் தொட மாட்டார். வண்டி வழியில் நின்றால் கூட இருப்பவனை அடிப்பார். பள்ளி விடுமுறை நாட்களில் கூட இருந்தவன் நான். எதனால் நின்றது என்று அவருக்கும் தெரியாது, எதற்கு அடி வாங்கினேன் என்று எனக்கும் தெரியாது. நான் படித்து, கணினி வேலைக்கு வந்து, முதல் முதலாக ஒரு வண்டி வாங்கியதும், அவர் செய்தபடியே செய்தேன். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பானெட்டைத் திறந்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமம். பேட்டரிக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று. எஞ்சின் ஓரத்தில் தலையில் ஐந்து ஒயர் முளைத்த கறுப்பு மூடி ஒன்று இருந்தது. அது என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்க்க லிங்கம் மாதிரி இருந்ததால் அதற்கு மட்டும் ஒயர்களுக்கு நடுவே பெரிய பொட்டாக வைப்பேன். வண்டி நிற்க நிற்கச் சந்தனமும் தடித்துக்கொண்டே போனது.

மகள் மாறத் தொடங்கியது ஃபத்தே நகர் மேம்பாலத்தில். வண்டி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் தெலுங்கில் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. இறங்கிப்போய் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவர் என் கன்னத்தில் ஒன்று விட்டார். நான் இரண்டு விட்டேன். கூட்டம் கூடியது. மனைவி ஓடிவந்து என் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் அது தோளிலிருந்து கிழிந்தது. திரும்பிப் பார்த்தால் காரின் பின் கண்ணாடியில் மகளின் முகம். அவள் அழவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எஞ்சின் லேசாக இருமினாலே அவள் கை காதுக்குப் போய்விடும். வண்டி நிற்பதற்கு முன்பே பொத்திக்கொள்வாள். ஒரு நாள் சும்மா மேடு ஏறும்போது எஞ்சின் முனகியதற்கே பொத்தினாள். கண்ணாடியில் அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் வண்டிமேலேயே போட்டேன். என் பிள்ளையைப் பயமுறுத்துகிறது இந்தச் சனியன் என்றுதான் நினைத்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் ஜாக்கிக் கம்பியை எடுத்து பானெட்டில் ஒரே போடு போட்டேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு பள்ளி ஆண்டு விழா வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம். மகள் நடனத்தில் மயில். நீலப் பாவாடை, முதுகில் அட்டையில் வெட்டிய தோகை. மூன்று வாரம் வீட்டுக்குள் ஆடிப் பழகியிருந்தாள். பள்ளிக்கு இன்னும் இரண்டு சிக்னல் இருக்கும்போது வண்டி இருமியது. நான் ஸ்டியரிங்கைக் குத்தினேன், டாஷ்போர்டைக் குத்தினேன், விரல் முட்டியில் ரத்தம் வந்தது. மனைவி இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டினாள். தோகையோடு ஆட்டோவில் ஏற்றி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது மயில்கள் ஆடி முடித்து இறங்கிக்கொண்டிருந்தன. திரும்பி வந்தார்கள். அதற்குள் கார் கிளம்பத் தயாராக இருந்தது, வழக்கம்போல.

"ஏறுங்க" என்றேன். வீட்டுப் பக்கம் திரும்பாமல் மல்காஜ்கிரி பக்கம் திருப்பினேன்.

"வேணாங்க, வீட்டுக்குப் போயிரலாம். புள்ள பயந்து கெடக்கு" என்றாள் மனைவி. வழியெல்லாம் அதையே சொன்னாள்.

மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். காலைப் பிடித்து இழுத்தேன். எழுந்து நிற்க விட்டேன், அது மட்டும்தான் நான் அன்றைக்குச் செய்த மரியாதை. "எத்தனை தடவடா ஏமாத்துவ?" என்று கேட்டு முகத்தில் அறைந்தேன். மறுபடி அறைந்தேன். மூன்றாவது, கையை மூடிக் குத்தியது. உதடு கிழிந்து மோவாயில் ரத்தம் ஒழுகியது. அவர் கையில் பெரிய ஸ்பானர் இருந்தது. ஒரே வீச்சில் என் மண்டையைப் பிளந்திருக்கலாம். பிளந்திருந்தால் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார். பிறகு குனிந்து ஸ்பானரைத் தரையில் வைத்தார்.

திரும்பினேன். ஷெட் வாசலில் மகள் நின்றிருந்தாள், தோகை ஒருபக்கம் மடங்கி, காதைப் பொத்திக்கொண்டு.

அவர் குழாயடியில் வாய் கொப்பளித்தார். தண்ணீர் சிவப்பாகப் போனது. துடைத்துக்கொண்டு வந்து, "வண்டிய உள்ள விடுங்க சார்" என்றார்.

"எதுக்கு?"

"விடுங்க. போன தடவையே எனக்கொரு சந்தேகம். சொல்ல முடியல."

உள்ளே விட்டேன். வாசலில் நின்ற மகளும் உள்ளே வந்துவிட்டாள். பானெட்டைத் தூக்கிவைத்து ஷட்டரை இழுத்து மூடினார். ஷெட் இருட்டானது. அழுக்குக் கந்தல் ஒன்றை நனைத்துக் கறுப்பு மூடிமேல் நான்கு சொட்டுப் பிழிந்தார். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. அர நிமிஷம் போதும், பொக அடச்சிக்கும்."

எஞ்சின் ஓடியது, இருமியது. அந்த இருட்டில் முதலில் பார்த்தது மகள்தான். பள்ளிக்கூடத்துத் தெலுங்குதான் அவளுக்கு முதலில் வரும். "அப்பா, பொட்டுலோ நிப்பு!" என்று கத்தினாள். பொட்டில் நெருப்பு என்றாள்.

இறங்கி வந்து பார்த்தேன். நான் நேற்று வைத்த பொட்டின்மேல் நீலமாக ஒரு நூல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஒயரின் வேரிலிருந்து கிளம்பி, ஈரச் சந்தனத்தின் வழியாகப் பக்கத்து ஒயருக்குத் தாவி, மறைந்து, மறுபடி வந்தது. எஞ்சின் குலுங்கி நின்றது. அவர் ஷட்டரைத் தூக்கினார்.

"பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் இது சார். சந்தனம் ஈரமா இருந்தா அது வழியா ஓடிருது. காஞ்சா வண்டி ஓடும். என்கிட்ட வர்றப்பல்லாம் காஞ்சிருக்கும். டீசல் வண்டின்னா ஒண்ணும் ஆகாது, அதுல பொறியே கெடையாது."

அப்பாவின் லாரி டீசல்.

"முன்னாடியே தொடச்சி எறிஞ்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எப்டி சார் தொடைக்கிறது? எங்க வீட்ல பொட்டு கெடையாது. உங்க சாமி. நா கைய வச்சு அழிச்சேன்னு நாளைக்கு ஒரு வார்த்த வந்துரக் கூடாதுல்ல? ஒவ்வொரு தடவையும் பொட்டு மேல கை படாமத்தான் மூடியக் கழட்டி மாட்டினேன்." பெட்ரோலில் நனைத்த துணியை என்னிடம் நீட்டினார். "நீங்களே தொடச்சிருங்க."

துடைத்தேன். ஐந்து மாதச் சந்தனம் பாளம் பாளமாக வந்தது. அடியில் மூடியின்மேல் மயிரிழை போலக் கறுப்பாக ஒரு கோடு எரிந்திருந்தது. புது மூடி மாட்டினார். மாட்டும்போது உதட்டிலிருந்து ஒரு சொட்டு எஞ்சின்மேல் விழுந்தது. அதை அவர் சட்டைக் கையால் துடைத்தார். எனக்கு அப்போது செத்துவிடலாம் போலிருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நக்கோ சார், வேணாம், விடுங்க. எதுக்கு அதெல்லாம்?" என்றார். "வண்டி இனிமே நிக்காது. ஆனா நீங்க வேற எடம் பாத்துக்கங்க. இங்க வராதீங்க."

"அந்த ஸ்பானர்…" என்றேன்.

"ஹவ் சார், ஆமா, கையில இருந்துச்சு. பாப்பா பாத்துட்டு இருந்துச்சு. அதான் கீழ வச்சேன்."

அவர் சொன்னபடியே அந்த வண்டி அதற்குப் பிறகு நிற்கவில்லை. மழையில், மேட்டில், போலாரம் வரை போய் வந்த வெயிலில், ஒருநாள்கூட இருமவில்லை. வெள்ளிக்கிழமைப் பொட்டை வெளியே நம்பர் பிளேட்டில் வைத்தேன். அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அடித்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. குகட்பள்ளி சிக்னலில் நீளமான சிவப்பு. எல்லோரையும் போல நானும் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்தேன். வண்டிக்குள் சத்தம் அடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி நிக்கலம்மா. நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

"தெலுசு" என்றாள். தெரியும் என்று. கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டியரிங்மேல் இருந்த என் கைகளை.