வீட்டுக்குத் தெரியாத முட்டை

அறுபதுகளின் கடைசியில், ஓசூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவரைத் தினமும் காலையில் பார்ப்பேன். வயிற்றுப்புண்ணுக்காகப் பெங்களூரில் இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள். சட்டை உடம்பில் தொங்கும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அவித்த முட்டை ஒன்றை வெகுநேரம் மென்று தின்பார்.

"பால், பருப்பு எதுவும் ஒத்துக்கல சார். டாக்டரு முட்டை தின்னே ஆகணும்னுட்டாரு. எங்க வீட்ல யாரும் அதைத் தொட்டதில்ல. சம்சாரத்துக்குத் தெரியாது" என்றார் ஒருநாள்.

"உயிர் பெரிசா, ஆசாரம் பெரிசா? சொல்லிடுங்க" என்றேன்.

"அவ மூஞ்சி சுளிச்சா எனக்கு ஒரு வாய் எறங்காது சார்."

பிறகு சில நாட்கள் அவர் வரவில்லை. ஒரு காலை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் மனைவி கடைக்கு வந்தார்.

"அவரால எந்திரிக்கவே முடியலண்ணா. இங்க வந்து தின்னதை நேத்துதான் சொன்னாரு. முட்டையை எப்படி வேக வெக்கறது?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

கடைக்காரர் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் கண்ணீர் வழியத் தலையாட்டினார். தாளில் சுற்றிய முட்டைகளை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போனார்.

அதன்பின் இருவருமே அந்தப் பக்கம் வரவில்லை. வீடு எங்கே என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. அவர் பிழைத்தாரா என்று யாரிடம் போய்க் கேட்பேன்?