பூசத்துக்குப் பிறகு விழுந்த பனி

விடுதி அறையில் ஒரு மாதமாக ஒரே வழக்கு. காலநிலை மாறுவது மனிதராலா, இயற்கைச் சுழற்சியாலா? நான் மனிதர் கட்சி. அறைத்தோழி சுழற்சிக் கட்சி. வானத்தைப் பார்த்துப் பயிர் வைப்பவர்களிடமே கேட்டுவிடலாம் என்று 2025 பெப்ரவரியில், தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், கிளம்பினேன்.

ஹட்டனிலிருந்து நானுஓயா 34 கிலோமீற்றர். ரயிலில் ஒன்றரை மணி நேரம். வட்டகொடை தாண்டியதும் இடது ஜன்னலைப் பாருங்கள். மற்றதை நான் சொல்லத் தேவையில்லை.

நானுஓயா ஸ்டேஷன் வாசலில் முருகேஷ் அண்ணனின் வாடகை வேன். ராகலை வரை 4,500 ரூபாய். (பஸ்ஸில் நுவரெலியாவில் மாறிப் போனால் மிகவும் மலிவு.) வழியெல்லாம் அவர் சுழற்சிக் கட்சி. மழை போகும், வரும். பூசம் கழிந்தால் உறைபனி விழாது, அவர் அப்பா காலத்திலிருந்து அதுதான் கணக்கு என்றார். சுழற்சிகள் உண்டு, ஆனால் இப்போதைய வெப்ப உயர்வை அவற்றால் விளக்க முடியாது, நாம் எரிக்கும் எண்ணெயும் கரியும்தான் முதற்காரணம் என்றேன்.

"அப்ப என் வேனும் குத்தவாளியா மிஸ்?"

ஆமாம் என்றேன். சிரித்தார். வாடகையில் ஒரு சதமும் குறைக்கவில்லை.

தங்கியது அவருடைய அக்கா செல்வராணியின் வீட்டில், தோட்டத் தொழிலாளர் லய வரிசையின் கடைசி அறை. இராச்சாப்பாட்டோடு 2,500. பின்னால் உருளைக்கிழங்குத் தோட்டம். அந்த விளைச்சல் வந்தால்தான் மகள் சித்திரையில் கல்லூரிக்குப் போவாள் என்று சோறு போடும்போதே சொல்லிவிட்டார். பனி படாமல் செடிகளை மூடியிருந்த மானாப்புல்லை முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள். தம்பியின் பூசக் கணக்கை நம்பி.

காலை 5.10. கதவு தட்டும் சத்தம். வெளியே புல் வெள்ளை. செடிகளும் வெள்ளை.

இங்கே ஒரு வேலைமுறை உண்டு. வெயில் படுமுன் இலையிலுள்ள பனியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பனியோடு வெயில் பட்டுவிட்டால் இலை கருகும். ஒரு ஹோஸ் குழாய், இரண்டு பூவாளி. ஹோஸோடு முருகேஷ் அண்ணன் ஏற்கெனவே நின்றார். எனக்கு விரல்கள் இருப்பதே தெரியவில்லை.

பாதி வேலையில் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சூடு கூடுதுன்னீங்க மிஸ். இது என்னா?"

ஒரு குளிர்ந்த காலை எதையும் நிரூபிக்காது, உங்கள் கட்சியையும் என் கட்சியையும், என்றேன். பற்கள் தந்தியடிக்க.

"கட்சிய அப்பறம் பாத்துக்கலாம். தண்ணிய ஊத்து புள்ள," என்றார் செல்வராணி அக்கா.

6.40க்கு மலைமேல் வெயில். கடைசி இரண்டு பாத்திக்கு எங்களால் எட்ட முடியவில்லை. ஒன்பது மணிக்குள் அவை கறுத்தன. மிச்சம் பதினேழும் பச்சை. அக்கா இரண்டு முறை எண்ணினார். பிறகுதான் தேநீர்.

"அந்த ரெண்டு பாத்தியும் உன் சுழற்சிக்குடா," என்றார் தம்பியிடம்.

அவர் மானாப்புல் கட்டைத் தூக்கிவந்து பாத்திகளை மூட ஆரம்பித்தார். எதுவரைக்கும் மூடிவைப்பீர்கள் என்று கேட்டேன்.

"இனி பூசத்த நம்ப மாட்டேன் மிஸ். நீங்க சொன்னதுக்காக இல்ல."

பெப்ரவரியில் போகிறவர்கள் கையுறை, இரண்டு சோடி காலுறை கொண்டுபோங்கள். வேனை முதல் நாளே பேசிவையுங்கள். காரணம் பற்றி என் முடிவு மாறவில்லை. அதைச் சொல்ல ராகலை வரை போயிருக்க வேண்டியதுமில்லை. ஆனால் அறைத்தோழியை அடுத்த முறை கூட்டிப்போவேன். பூவாளி இரண்டு இருக்கிறது.