கல்லுப்பும் காய்ச்சல் ஊசியும்

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் சில்லு கிடக்கிறது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் சின்னத் திரையில் ஒரு பெருக்கல் குறி. தடுப்பூசி மருந்தோடு சேர்த்து வைக்கிற கருவி அது. மருந்து உறையாமல் இருக்கும்வரை சரிக் குறி காட்டும். ஒருமுறை அளவுக்கு மீறிக் குளிர்ந்து போனால் பெருக்கல் குறி விழும். அதன்பின் தலைகீழாக நின்றாலும் மாறாது. இந்தக் குறி விழக் காரணம் நான்.

துறைமுகச் சாலையில் லாரி ஓட்டுநர்களுக்கும் சுமை தூக்குகிறவர்களுக்குமாக நடக்கும் சின்ன தர்ம மருத்துவமனையில் நான் மருந்தாளுநர். அங்கே இருந்த நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். தாமிரபரணிக் கரையின் வயல்காட்டு ஊர்க்காரர். வயதில் என்னைவிட இளையவர். அதட்டுவதில் மட்டும் மூத்தவர். அவருக்கு இழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் பேச்சுக்கு நடுவே மூச்சு விசிலடிக்கும். ஃபுளூ காய்ச்சல் வந்தால் தாங்காத நெஞ்சு என்று டாக்டர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வருடந்தோறும் மழைக்கு முன்னால் ஃபுளூ தடுப்பூசி வந்து சேர வேண்டும் என்பது சிஸ்டரின் பிடிவாதம். கேட்டு வருகிற ஆள் ஒருவரும் கிடையாது. "சளிக்குப் போயி ஊசியா? சுக்குத்தண்ணி போதும் சிஸ்டர்" என்று நழுவுவார்கள். அவர் விடமாட்டார். வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொருவராகப் பிடித்து வருவார். "எத்தன நாட்டுக் கப்பலு வருது, எத்தன ஊருக்கு லாரி போவுது. இங்கன ஒருத்தன் இருமுனா அது எங்க போயி நிக்கும்னு நெனைக்கிய அண்ணாச்சி?" என்பார் என்னிடம். தனக்கான ஊசியை மட்டும் கடைசியில்தான் போட்டுக்கொள்வார். கூட்டி வந்தவனுக்கு இல்லையென்று சொல்லக் கூடாதாம்.

அந்த வருடம் எங்குமே மருந்து கிடைக்கவில்லை. இரண்டு மாதம் போனிலேயே மன்றாடி, ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது குப்பிகளை வாங்கிச் சேர்த்தார். திங்கட்கிழமை ஊசி போடுவதென்று ஏற்பாடு. சனிக்கிழமை அவர் ஊருக்குப் போயிருந்தபோது மழை கொட்டி, மருத்துவமனையில் மின்சாரம் போய், அவர் திரும்பி வரும் சாலையும் முழுகிவிட்டது. போனில் என்னைக் கூப்பிட்டார். "ஐஸ் பேக்க எடுத்து வெளிய வையிங்க. நல்லா வேர்த்து வழியணும். குலுக்குனா உள்ள தண்ணி ஆடுத சத்தம் கேக்கணும். அப்புறந்தான் மருந்துப் பெட்டியில வைக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அப்பா விசைப்படகு வைத்திருந்தவர். வயல்காட்டுக்காரர் கடல்காரனுக்கு ஐஸ் வைக்கச் சொல்லித் தருகிறாரே என்று தோன்றியது. "ஐஸப் பத்தி எங்களுக்கா பாடம் எடுக்கிய?" என்று கேலியும் செய்தேன். பிறகு ஐஸ் கம்பெனிக்குப் போய் நொறுக்கிய ஐஸ் ஒரு மூட்டை வாங்கி வந்து மருந்துப் பெட்டியில் கொட்டி, குப்பிகளையும் சில்லையும் நடுவில் புதைத்தேன். தூரத்துக்குப் போகும் மீன் பெட்டியில் எங்கள் ஆட்கள் செய்வதுபோல மேலே கல்லுப்பையும் தூவினேன். உப்பு சேர்ந்தால் குளிர் இன்னும் கூடும். ஞாயிறு பூசை முடிந்து வந்து, நல்ல மனதோடு இன்னும் இரண்டு கை உப்புப் போட்டேன்.

திங்கட்கிழமை சிஸ்டர் பெட்டியைத் திறந்தார். சில்லை எடுத்துப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா அண்ணாச்சி. மீனு வெறைக்கலாம், இது வெறைக்கலாமா?" அவ்வளவுதான் திட்டினார். குப்பிகளைக் கையில் பிடித்திருந்தால் பழையபடி தெளிந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் முனகினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படிச் சொன்னேன். "எனக்குத் தெரியும்லா. ஊசி போட்டாச்சுன்னு நம்பி, இருமுதவன் பக்கத்துல போயி தைரியமா நிப்பாங்க" என்றார். வெளியே போய், மருந்து கெட்டுவிட்டது என்று அவரே அறிவித்தார். ஊசிக்கு நின்றவர்கள் தப்பித்தோம் என்று சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

வேறு மருந்து கிடைக்கவில்லை. மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. முதலில் இரண்டு ஓட்டுநர்கள், பிறகு ஒரு லாரி ஷெட்டே படுத்தது. ஊசிக்கு நழுவியவர்கள் இப்போது ஊசி கேட்டு வந்தார்கள். சிஸ்டர் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். வீட்டுக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை அவருக்கே உடம்பு சுட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். பத்தாம் நாள் அவர் ஊருக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்தோம்.

ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம். நாற்பதில் ஒன்று அவருடையது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது மருந்து வரவழைப்பது என் வேலை. இந்த வருடமும் கேட்டுக்கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். வானம் கருத்துக்கொண்டு வருகிறது. காலையில் ஒரு ஓட்டுநர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு இருமினார். "சும்மா சளிதான் அண்ணாச்சி, இன்னைக்கே பெங்களூரு லோடு ஏத்தணும்" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் இருமினார்.

இழுப்பறையை மூடிவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே புதிய சில்லு சரிக் குறி காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு குப்பிகூட இல்லை.