மகள் பிறந்த பிறகு ஆடிய ஆட்டம்

மகள் பிறந்த ஏழாவது வாரம், ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பனி அரங்கில், பொதுமக்கள் சறுக்கும் நேரத்தில் நான் விழுந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏழு வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி ஆடுகிறவள். சம்பளத்துக்கு ஆடுகிறவள். சறுக்கப் பழகுகிறவர்கள் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியைத் தள்ளிக்கொண்டு வந்த சின்னப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் நின்று, "முழங்காலை மடக்க வேணும்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரிதான். என் இடுப்பு என் சொல்லைக் கேட்கவில்லை.

நான் தற்காப்பு ஆட்டக்காரி. பல்கலைக்கழக அணியில் ஆடி முடித்தபோது பெண்களுக்குச் சம்பளம் தரும் லீக் எதுவும் இருக்கவில்லை. பகலில் ஒரு garderie-யில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுவேன், மாலையில் பயிற்சிக்குப் போவேன். அப்படியே ஆறு வருடம் போனது. பிறகுதான் அப்படி ஒரு லீக் வந்தது. இரண்டே இரண்டு பருவம் ஆடியிருந்தேன், வயிற்றில் பிள்ளை.

பயிற்றுநரிடம் போய்ச் சொன்னேன். அவரும் முன்னாள் ஆட்டக்காரி. முதலில் வாழ்த்தினார், பிறகு நேராகவே கேட்டார்.

"இதோடு நிறுத்தப் போகிறாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் நவம்பர் முகாமுக்கு வா. மற்றவர்களுக்கு உள்ள சோதனைதான் உனக்கும்."

நியாயமான பேச்சு. ஆனால் மகள் பிறந்தது ஜூனில்.

விழுந்த அன்று வீட்டுக்கு வந்து ஸ்கேட்டைக் கழற்றியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கர்ப்ப காலத்தில் பாதமும் வளர்ந்துவிட்டது. அரை அளவு. ஆறு வருடமாக என் காலோடு பழகிய ஸ்கேட் இனி உதவாது. அடுத்த சனிக்கிழமை புரோசார்டில் ஒரு கடைக்குப் போனோம். புது ஸ்கேட்டைச் சூடாக்கிக் காலில் மாட்டி வைத்தால் பாதத்தின் வடிவத்துக்கு வரும். கடைக்காரர் அதை அடுப்புக்குள் வைப்பதைப் பார்த்து என் கணவர் வாயைப் பிளந்தார். சென்னையிலிருந்து படிக்க வந்தவர், இப்போது வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறவர்.

"ஷூவை ஓவன்ல வெக்கிறாங்களா?"

"ஓம். கதைக்காமல் பிள்ளையைப் பிடியுங்கோ, சுடச்சுடப் போட வேணும்."

நவம்பர் வரை தினமும் காலையில் அவருடைய கூட்டங்கள் தொடங்குவதற்கு முன் நான் அரங்குக்குப் போய் வந்தேன். முகாமில் என்னால் முடிந்ததைச் செய்தேன். அது போதவில்லை. சறுக்கு ஓட்டத்தில் கடைசிக்கு முந்திய ஆளாக வந்தேன். வடக்கிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி என் இடத்தைப் பிடித்தாள். நல்ல ஆட்டக்காரி, அதனால் கோபப்படவும் வழியில்லை. எனக்குக் கிடைத்தது மாற்று வீராங்கனை என்ற இடம். எல்லோரோடும் பயிற்சி செய்வேன். யாருக்காவது காயம் வந்தால்தான் ஆட்டம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் எங்கள் தற்காப்பு ஆட்டக்காரி ஒருத்திக்கு மணிக்கட்டு பிசகியது. பயிற்றுநர் என்னைப் பார்த்து, "நாளைக்கு நீ" என்றார்.

ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டம். எதிரணி றொறன்ரோ. அரங்கு நிரம்பியிருந்தது. முதல் பகுதி பாதி போவதற்குள் அவர்களுடைய முன்கள ஆட்டக்காரி ஒருத்தி என்னை வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய் கோல் போட்டாள். நான் ஒரு எட்டுப் பிந்திவிட்டேன். அதை மறைக்கவும் முடியாது, பெரிய திரையில் மூன்று தரம் காட்டினார்கள்.

இடைவேளையில் நடுவர்களின் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்கு ஓடினேன். கணவர் மகளோடு காத்திருந்தார். சத்தம் கேளாமலிருக்க அவள் காதில் பெரிய காதுமூடி. நான் தோள் கவசத்தைக் கழற்றி அவளை வாங்கினேன். வியர்வை மணத்துக்கு முகத்தைச் சுளித்தாள், பிறகு பசி வென்றது.

"அந்த கோல் உன் பக்கமா?" என்று கேட்டார் கணவர்.

"ஓம். கால் வைக்கப் பிந்திட்டன்."

"சரி. அடுத்த தடவை என்ன பண்ணுவ?"

"வெளிப்பக்கம் விடமாட்டன்."

ஆறுதல் எதுவும் சொல்லவில்லை அவர். அதுவே ஆறுதலாக இருந்தது. மகள் என் கையிலேயே தூங்கிப்போனாள்.

இரண்டாம் பகுதியில் நாங்கள் இரண்டு கோல் போட்டோம். நான் யாரையும் வெளிப்பக்கம் விடவில்லை. மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடத்தில் இரண்டுக்கு ஒன்று. றொறன்ரோ தங்கள் கோல் காப்பாளரை வெளியே எடுத்து, தாக்க ஒரு ஆளைக் கூட்டியது. என்னை இருக்கைக்கு அழைப்பார்கள் என்று நினைத்தேன். பயிற்றுநர் கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னார்.

அவர்களில் ஒருத்தி அடிப்பதற்கு மட்டையை ஓங்கினாள். நான் அவளுக்கு முன்னால் சரிந்தேன். பக், அந்தக் கறுப்பு றப்பர் வில்லை, என் கணுக்காலில் பட்டது. எலும்புக்குள் தீ வைத்தது போல் இருந்தது. ஆனால் பக் எனக்கு முன்னால்தான் கிடந்தது. எழுந்தேன். இரண்டு எட்டு வைத்தேன். எதிரே நீளக் களம், அதன் கடைசியில் ஆளில்லாத வலை. இழுத்து அடித்தேன். அது எல்லாக் கோடுகளையும் தாண்டி, அவசரமில்லாமல் போய் வலைக்குள் விழுந்தது.

ஆளில்லாத வலைக்குள் போடும் கோலைச் சிலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். சம்பள லீக்கில் என் முதல் கோல் அது. என் மேல் முதலில் வந்து விழுந்தவள் அந்த இருபத்திரண்டு வயதுக்காரி. "எனக்கு அந்த மாதிரிச் சரியப் பழக்கித் தர வேணும்" என்று என் காதுக்குள் கத்தினாள். கணுக்கால் வலியில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணாடிக்கு அப்பால் ஆறாவது வரிசையில் கணவர் மகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தார். மாற்று இடம் முடிந்தது, பருவம் முழுவதற்கும் ஒப்பந்தம் என்றார்.

"கணுக்கால் எப்படி?"

"வீங்கியிருக்கிறது. ஆடலாம்."

"தெரியும். அதனால்தான் அழைத்தேன்."

மிச்ச ஆட்டங்களில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. இப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. போன மாதம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.