பொம்மையின் இடது பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வீடு ஜீவனஹள்ளியில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நோயாளியைத் தொடுவதற்கு முன், பயிற்சி அறையில் குப்புறக் கிடக்கும் ரப்பர் பொம்மைக்கு ஊசி போட்டுப் பழக வேண்டும். இடுப்பெலும்பை விரலால் தொட்டறிந்து, பின்புறத்தை மனதுக்குள் நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கமுள்ள பகுதியில் போட வேண்டும். இடம் தவறி நரம்பில் பட்டால் கால் செயலிழந்துவிடலாம். வகுப்பிலேயே நான்தான் வேகம்.

வார்டில் என் முதல் நோயாளி, ஆடுகோடியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. சிரிஞ்சோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. என் கண்கள் எதையோ தேடின.

“என்னம்மா, எடம் தேடறியா? பெங்களூர்ல வாடகைக்கு வீடே கெடைச்சிருக்கும் இந்நேரம்,” என்றார் அந்த அம்மா. பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. சிஸ்டர் என் கையிலிருந்து சிரிஞ்சை வாங்கிக்கொண்டார்.

“சனிக்கிழமை இன்னொரு சான்ஸ். அப்பவும் இப்படின்னா பரீட்சை ஆறு மாசம் தள்ளிப் போயிடும், பாத்துக்கோ.”

ஆறு மாதம் தள்ளிப்போனால் என் படிப்பு அவ்வளவுதான். அப்பா கல்யாணப் பேச்சைப் பரீட்சை வரைக்கும்தான் ஒத்திவைத்திருந்தார்.

நேராகப் பயிற்சி அறைக்குப் போய்ப் பொம்மையைப் பார்த்தேன். வலது பக்கத்தில் முந்தைய மாணவிகள் குத்திக் குத்தி சல்லடையாக ஓட்டைகள். இத்தனை நாளும் நான் எலும்பைத் தேடவே இல்லை. ஓட்டையைப் பார்த்து ஊசியை நுழைத்திருக்கிறேன். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்ததால் இடது பக்கத்தை யாரும் தொட்டதில்லை. அது வழவழவென்று இருந்தது.

கட்டிலை இழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் இடது பக்கத்தோடுதான் கழிந்தது. “ஊட்டா ஆய்த்தா?” என்று அட்டெண்டர் கேட்டால், சாப்பாடு ஆயிற்று என்று பொய் சொல்வேன். என் விரல் படாமல் எந்தத் தோழியின் இடுப்பெலும்பும் தப்பவில்லை.

சனிக்கிழமை அதே அம்மா. சிஸ்டர் பக்கத்தில் நின்றார்.

“மறுபடியும் நீயா? ஊசி போட்டுப் போட்டு இந்தப் பக்கம் கல்லு மாதிரி வீங்கிக் கெடக்கு. அந்தப் பக்கம் போடு,” என்று புரண்டு இடது பக்கத்தைக் காட்டினார்.

விரலை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. அங்கிருந்து அளந்து, போட்டு முடித்தேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோது அவர் சொன்னார்: “வலிக்கத்தான் செஞ்சுது. பரவால்ல, நாளைக்கும் நீயே வா.”

இன்றும் ஏதாவது எனக்குச் சுலபமாகக் கைவந்துவிட்டால், இந்தத் திறமை என்னுடையதா, இல்லை எனக்கு முன்னால் யாரோ குத்தி வைத்த ஓட்டையா என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.