சாவு எடுத்த கார்டு

இரும்புலியூரில் ஞானஸ்நானமோ கல்யாணமோ அடக்கமோ, படம் எடுக்க ஃபிரெடியைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல வேலைக்காரன். ஆனால் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வராது. அந்தக் குணம் அவனை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

ஜீவரத்தினம் சாரை அடக்கம் செய்த அன்று மாலையே அவனுக்கு அருள்மேரி மகளின் கல்யாணமும் இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமே அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். அந்தப் படத்தில் மகன் ஜோனத்தானும் நின்றான். தானாகப் பெண் தேடிக்கொண்டான் என்று அப்பா அவனை வீட்டைவிட்டு விரட்டி, வீட்டிலிருந்த அவன் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டிருந்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை வாசல் மிதிக்க மாட்டேன் என்று போனவன், சொன்னபடியே பிணத்தைப் பார்க்கத்தான் வந்தான். அம்மா யூனிஸ் டீச்சரின் தோளில் கை வைத்து நின்றான். கல்லறையிலிருந்து அப்படியே கிளம்பிவிட்டான். இனி வர மாட்டான் என்று டீச்சருக்குத் தெரியும். அந்த ஒரு படத்துக்காகத்தான் காத்திருந்தார்.

மாலையில் சர்ச் வாசலில் அருள்மேரி ஃபிரெடியை மறித்தார். காலையில் சாவு வீட்டில் அவனைப் பார்த்திருந்தார். சாவு எடுத்த கார்டில் என் பெண்ணை எடுக்காதே என்றார். கேமராவுக்கான மாற்று மெமரி கார்டு வீட்டில் கிடந்தது. பெண்ணோ காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவர் கண் முன்னாலேயே கார்டை ஃபார்மேட் செய்து காட்டினான். அழிந்ததைக் கம்ப்யூட்டரில் மீட்டுக்கொள்ளலாம் என்ற தெனாவட்டு. மீட்டிருக்கலாம்தான், அதே கார்டில் கல்யாணம் முழுவதையும் எடுக்காமல் இருந்திருந்தால்.

சாவு வீட்டில் எடுத்ததில் ஒரே ஒரு படம் திரும்பி வந்தது, அதுவும் பாதி. மேலே நின்றவர்களின் முகங்கள் பளிச்சென்று இருந்தன. கீழே பெட்டி இருந்த இடம் வெறும் சாம்பல் பட்டை. மேல்பாதியை மட்டும் வெட்டிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவன் செய்வானா? போன வருஷம் அனகாபுத்தூரில் எடுத்த ஒரு பெரியவரைப் பெட்டியோடு வெட்டி எடுத்து அங்கே ஒட்டினான். அதே வெள்ளைத்துணி, அதே லேஸ், மூக்கில் அதே பஞ்சு. செத்தவர் முகத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தான்.

யூனிஸ் டீச்சர் உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தார்.

"இது எங்க வீட்டுக்காரர் இல்ல, ஃபிரெடி."

செத்தால் முகம் மாறிவிடும் என்று உளறிப் பார்த்தான். அது எடுபடாமல் போகவே, வேறு வழியில்லாமல் கார்டு கதை முழுவதையும் கக்கினான். கன்னத்தில் விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றான். டீச்சரின் விரல் படத்தில் ஜோனத்தானின் கைமேலேயே இருந்தது.

"இவர் என் புள்ளைய வெளிய போன்னு சொன்னதில்ல. இவரே இருக்கட்டும்."

பெரிதாகப் போட்டு ஃபிரேம் செய்து வரச் சொன்னார். கொண்டு வந்த அன்று, எங்கே ஆணி அடிப்பது என்று ஃபிரெடி சுவரைப் பார்த்தான். நடுவில் ஜீவரத்தினம் சாரின் படம் மாலையோடு தொங்கியது.

"புது ஆணி எதுக்கு? அவர எறக்கிட்டு இத மாட்டு."

இறக்கிக் கொடுத்தான். டீச்சர் அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார்.